எட்டுத் திசைக்கும் ஒரு வள்ளம்

"இது கம்பியூட்டர் வேலை இல்லைப் பிள்ளை. இது தையல் வேலை."

தில்லையம்பலம் மாஸ்ரர் என்னுடைய சதுரக் கட்டம் போட்ட கொப்பியை இரண்டு விரல்களால் நுனியில் பிடித்துத் தூக்கி, வகுப்பு முழுவதற்கும் காட்டி இப்படிச் சொன்னார். சொன்னதை விட அந்தப் பிடித்த விதம்தான் எனக்கு இன்னும் எரிகிறது. குருநகர்ப் பெட்டையின் கொப்பி, மீன் வாடை அடிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

வகுப்பில் பன்னிரண்டு பேர். மற்றப் பதினொரு பேரும் ஆண்கள். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்ரரின் அக்கா மகன் கருணாகரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கொப்பியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நல்ல குணம் என்று அப்போது நினைத்தேன்.

இந்தத் தொடரில் நான் அடிக்கடி கோபப்படுகிறேன் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். படுகிறேன்தான். இந்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடப் படப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடி வகுப்பு

எண்பதுகளின் நடுப்பகுதி. போர் தொடங்கியிருந்தது. எங்கள் கடலில் தொழில் பாதி நாள் தடை, மீதி நாள் பயம். அப்பா வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்த காலம்.

யாழ்ப்பாண நகரில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, மாடியில், தில்லையம்பலம் மாஸ்ரர் கம்பியூட்டர் வகுப்புத் தொடங்கியிருந்தார். அவர் நைஜீரியாவில் சில ஆண்டுகள் கணிதம் படிப்பித்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது கைப்பெட்டியில் இரண்டு சின்னக் கணினிகளைக் கொண்டுவந்தார். பார்த்தால் தட்டச்சுப் பொறியின் பாதி மாதிரி இருக்கும். அதை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தவேண்டும். புரோகிராம் எல்லாம் பாட்டுக் கசெற்றில் இருக்கும். கசெற்றைப் போட்டால் காது கிழியும்படி கீச்சென்று கத்தும். ஐந்து நிமிடம் கத்தி முடிந்த பிறகு திரையில் ஏதாவது வரும். இடையில் மின்சாரம் நின்றால் முதலில் இருந்து கத்தவிட வேண்டும்.

எனக்கு அந்த மெசின் என்றால் உயிர். கிழமைக்கு இருபது நிமிடம்தான் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். அந்த இருபது நிமிடத்துக்காக மற்ற ஆறு நாளும் கொப்பியில் எழுதி எழுதி ஒத்திகை பார்ப்பேன்.

வீட்டில் என்னை இந்த வகுப்புக்கு விட்டதே பெரிய காரியம். "கண்காட்சியோடை சரி, பிறகு வீட்டிலை இரு" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டா. கண்காட்சி என்பது வகுப்பின் முதல் ஆண்டு நிறைவுக்கு மாஸ்ரர் ஒழுங்கு செய்த இரண்டு நாள் விழா. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடப்பதாக இருந்தது.

அதற்காக ஒரு விளையாட்டுச் செய்யவேண்டும் என்றார் மாஸ்ரர். ஒரு வள்ளம். பொத்தானை அமத்த அமத்த அது எட்டுத் திசைக்கும் திரும்பி, கற்பாறைகளுக்குள்ளால் தப்பிக் கரைக்கு வரவேண்டும். கடலும் பாறையும் பொத்தான் வேலையும் கருணாகரன் எழுதினான். நன்றாகவே எழுதினான், அதை நான் மறுக்கமாட்டேன். வள்ளம்தான் ஒருவருக்கும் சரிவரவில்லை.

"வள்ளத்தை உடையாமல் திருப்பிக் காட்டுறவைக்கு ஒரு இடம் இருக்கு. உதவிப் படிப்பிப்பாளர். விரும்பின நேரம் மெசினிலை இருக்கலாம்" என்றார் மாஸ்ரர்.

விரும்பின நேரம்! எனக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அந்த இடம் கிடைத்தால் அம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டா, படிப்பிக்கிற வேலை அல்லவா. கிடைக்காவிட்டால் கண்காட்சியோடு என் கதை முடிந்தது.

ஓட்டை வள்ளம்

வாசகர்களில் பலருக்கு இது விளங்காது, ஆகவே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கணினியில் படம் என்றால் சதுரங்கள்தான். பதினாறு சதுரம் அகலம், பதினாறு சதுரம் உயரம். அதற்குள் எந்தச் சதுரம் கறுப்பு, எந்தச் சதுரம் வெறுமை என்பதுதான் படம். மேலே இருந்து பார்க்கிற வள்ளம் என்றால் முன்மூக்கான அணியம் கூராக, நடு அகலமாக, பின்பக்கம் தட்டையாக வரும். வடக்கே நேராகப் பார்க்கிற வள்ளத்தைக் கீறுவது சுகம். யாரும் கீறலாம்.

அதைச் சரித்துத் திருப்பும்போதுதான் சனியன் பிடிக்கும்.

கருணாகரன் சைன், கோஸ் போட்டு ஒரு சூத்திரம் எழுதினான். ஒவ்வொரு கறுப்புச் சதுரத்தையும் எடுத்து, பெருக்கி, கூட்டி, வருகிற இடத்தில் கொண்டுபோய் வைக்கும். ஆனால் விடை பின்னத்தில் வரும். சதுரத்தில் பாதியை வைக்க முடியாது. கிட்ட உள்ள முழுச் சதுரத்துக்குத் தள்ளவேண்டும். அப்படித் தள்ளும்போது இரண்டு சதுரம் ஒரே இடத்தில் போய் விழும். வேறொரு இடம் வெறுமையாகக் கிடக்கும். திரையில் வடகிழக்குக்குத் திரும்பிய வள்ளத்தைப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஓட்டை. எலி தின்ற பாண் மாதிரி இருந்தது.

"உதிலை ஏறினால் பண்ணைப் பாலம் கடக்க முதல் தண்ணிக்குள்ளை தாண்டு போவம்" என்றேன். கருணாகரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

பிறகு மாஸ்ரர் சூத்திரத்தைத் தலைகீழாக எழுதினார். புதிய சதுரம் ஒவ்வொன்றும் பழைய படத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்கும்படி செய்தார். கெட்டிக்கார வேலைதான். ஓட்டை மறைந்தது. ஆனால் கரை ஒழுங்கில்லை. ஓரிடத்தில் மூன்று சதுரம் தடித்தும், அடுத்த இடத்தில் ஒன்றாக மெலிந்தும், அணியம் மொட்டையாகியும் நின்றது. பின்னால் எஞ்சின் பிடித்துக்கொண்டு இருக்கிற ஆளை நாலு சதுரத்தில் வைத்திருந்தோம். அவன் ஐந்தாகி, மூன்றாகி, கடைசியில் வள்ளத்தோடு ஒட்டிக் காணாமலே போனான்.

மாஸ்ரர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து, "கணக்குச் சரி. கண்தான் பழகவேணும்" என்றார்.

கண் பழகவேண்டுமாம்! மூக்குடைந்த வள்ளத்தைப் பார்த்துப் பழகு என்று என் அப்பாவிடம் போய்ச் சொல்லட்டும் பார்ப்போம்.

சிலுவைத் தையல்

எனக்குச் சதுரம் புதிதில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் பாடத்தில் சிலுவைத் தையல்தான் போட்டோம். சதுரக் கண் உள்ள துணியில், ஒவ்வொரு கண்ணுக்கும் நூலால் பெருக்கல் குறி மாதிரி ஒரு சின்னப் புள்ளடி. பீடத்து விரிப்புக்குத் திராட்சைக் கொடி, மீன், புறா எல்லாம் தைத்திருக்கிறோம். ஒரு புறாவின் சரிந்த சிறகுக்காக மட்டும் நான் நாலு தரம் நூலைப் பிரித்திருக்கிறேன். பிரித்த நூலைத் திரும்பக் கோத்தால் பஞ்சாகிவிடும், சிஸ்ரர் அதையும் கண்டுபிடித்துவிடுவா.

அங்கே நான் படித்தது இதுதான். சரிந்த கோடு படிபடியாகத்தான் ஏறும். படிகள் ஒரே அளவாக இருந்தால் தூரத்தில் இருந்து பார்க்கக் கண் அதை நேர்கோடாக எடுத்துக்கொள்ளும். இரண்டு, இரண்டு, இரண்டு என்று போகவேண்டும். இரண்டு, ஒன்று, மூன்று என்று போனால் பல்லுடைந்த சீப்பு. மூலையில் இரண்டு கோடுகள் சந்திக்கிற இடத்தில் உள்ளே ஒரு கண்ணை வெறுமையாக விடவேண்டும், இல்லாவிட்டால் அங்கே மை கொட்டின மாதிரி இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு வீட்டில் சதுரக் கொப்பியும் பென்சிலும் அழிறப்பருமாக உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பிழை விட்டேன். நேரான வள்ளத்தில் பதினான்கு சதுரம் நீளம். சரிந்த வள்ளத்துக்கும் பதினான்கு படி வைத்தேன். மெசினில் போட்டுப் பார்த்தால் வள்ளம் திரும்பும்போது பெருத்து, நேரானதும் சிறுத்தது. மூச்சு விடுகிற வள்ளம்! மூலைக்கு மூலை போகிற படி நீளம் கூடியது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பத்துப் படிதான் வைக்கவேண்டும். கணக்கு எனக்கும் தெரியும் மாஸ்ரரே.

பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தேன். எட்டுத் திசைக்கும் எட்டுப் படம் கீறத் தேவையில்லை. வடக்கும் வடகிழக்கும் மட்டும் கையால் கீறினால் போதும். கொப்பியைக் கால்வட்டம் திருப்பினால் வடக்கு கிழக்காகும், இன்னொரு கால்வட்டத்தில் தெற்காகும். கால்வட்டத் திருப்பத்தில் ஒரு சதுரமும் உடையாது, ஒன்றும் தொலையாது. வரிசை நிரலாகும், அவ்வளவுதான். வடகிழக்கும் அப்படியே.

இரண்டு படத்துக்கு மூன்று கிழமை எடுத்தது. அந்த வடகிழக்குப் படத்தை எத்தனை தரம் அழித்திருப்பேன் என்று சொல்லமுடியாது. தாள் தேய்ந்து மறுபக்கம் தெரிந்தது. கடைசியில் வந்த வள்ளம் கூரான வள்ளம். எஞ்சின் பிடிக்கிறவன் நாலு சதுரத்தோடு அசையாமல் அவனுடைய இடத்தில் குந்தியிருந்தான்.

அதைத்தான் மாஸ்ரர் தையல் வேலை என்றார்.

மருமகளின் மடிக்கணினி

இவ்விடத்தில் இன்றைய கதை ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. போன மாதம் தம்பியின் மகள் மடிக்கணினியில் ஒரு சின்னக் குருவியைச் சதுரம் சதுரமாகக் கீறிக்கொண்டிருந்தாள். இப்போது இது ஒரு கலையாம், வேண்டுமென்றே சதுரத்தில் கீறுகிறார்களாம். குருவியைத் திருப்பினாள். அது பனி மூடின மாதிரி மங்கிப்போனது.

"இது என்னடி, கண்ணாடி போடாமல் பார்த்த மாதிரிக் கிடக்கு?"

"கரையிலை நிறத்தைக் கலக்குது மாமி. கலக்காதை எண்டு சொல்லவும் ஏலும். ஆனா அப்பிடிச் சொன்னா உடையும்."

அவள் வேறொரு வழியும் காட்டினாள். படத்தை முதலில் எட்டு மடங்கு பெருப்பித்து, பிறகு திருப்பி, பிறகு பழைய அளவுக்குச் சுருக்குவதாம். பரவாயில்லை, கொஞ்சம் திருந்தி வந்தது. ஆனால் அலகு இரண்டாகப் பிளந்திருந்தது.

"இப்ப என்ன செய்வாய்?"

"இனிக் கையாலைதான் திருத்தவேணும் மாமி. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. கால்வட்டம் எண்டா மட்டும் பிரச்சினை இல்லை."

நான் எழும்பிக் குசினிக்குள் போய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்தேன். உலகத்துக் கெட்டிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து இத்தனை வருடமாகச் செய்த மென்பொருளும் கடைசியில் கையிடம்தான் வந்து நிற்கிறது. தையல் வேலையாம், தையல் வேலை! மருமகள் பயந்துபோய், "என்ன மாமி, சுகமில்லையே?" என்று கேட்டாள்.

கொப்பி போன கதை

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

என் கொப்பியைக் கேலி செய்து ஒரு கிழமை ஆகவில்லை, மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டார். குரலில் தேன்.

"பிள்ளை, உந்தக் கொப்பியை ஒருக்காத் தாரும். பார்த்துத் திருத்தித் தாறன்."

கொடுத்தேன். புத்தியில்லாமல் கொடுத்தேன். அந்தக் கொப்பியில் ஐந்து திசைகளைத்தான் சுத்தமாகப் பிரதி பண்ணியிருந்தேன். வடக்கு, வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு. தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு மூன்றும் வீட்டில் தனித்தாளில் கிடந்தன.

கொப்பி திரும்பி வரவில்லை. கேட்டால், "அலுமாரிக்குள்ளை இருக்கு, திறப்பு வீட்டை விட்டிட்டன்" என்றார். அடுத்த கிழமையும் சாவி வீட்டில்தான். அதற்கடுத்த கிழமை, கண்காட்சிக்கு வேலை கூட, வகுப்பு இல்லை என்றார்.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் தையல் வேலை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்ன மனிதர் அதைத் திருடுவார் என்று எப்படி நினைப்பேன்? குப்பை என்று எறிந்ததைத் தானே பொறுக்குவாரா?

பாய்ஞ்சிட்டான்

கண்காட்சியின் முதல் நாள் பின்னேரம். மண்டபம் முட்டச் சனம். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, எங்கள் தெருக்காரர் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் நின்றார். பிள்ளை கீறின வள்ளத்தைப் பார்க்க வந்திருந்தார்கள்.

மேடையில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. கசெற் கத்தி முடிந்தது. முதல் திரை வந்தது. ஆங்கில எழுத்தில் கருணாகரனின் முழுப்பெயர். அதற்குக் கீழே மாஸ்ரரின் பெயர். வேறு ஒன்றும் இல்லை.

அடுத்ததாகக் கடல். கடலில் என்னுடைய வள்ளம். வடக்கே பார்த்தது, வடகிழக்கே திரும்பியது. ஒரு சதுரம் பிசகவில்லை, அணியத்தின் உள்மூலையில் நான் வெறுமையாக விட்ட அந்த ஒரு கண் அப்படியே இருந்தது.

பிரதம விருந்தினராக வந்திருந்தவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர். குனிந்து பார்த்துவிட்டு, "திரும்பேக்கை உடையாமல் வருகுது. எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"சூத்திரம் ஐயா. சைன், கோஸ். அக்காவின்ரை மகன் கருணாகரன்தான் எழுதினவன். இவனுக்குத்தான் எங்கடை நிலையத்திலை உதவிப் படிப்பிப்பாளர் இடம் குடுக்கிறம்" என்றார் மாஸ்ரர். சனம் கை தட்டியது.

கருணாகரன் தலையைக் குனிந்துகொண்டு பொத்தானை அமத்திக்கொண்டிருந்தான். வள்ளம் கிழக்கே போய், தெற்கே இறங்கி, மேற்கே திரும்பியது.

அப்போது பின்வரிசையில் இருந்து அப்பாவின் குரல் கேட்டது. காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகின குரல்.

"உதென்ன, எஞ்சின் பிடிக்கிறவன் அங்காலை பாய்ஞ்சிட்டான்!"

எங்கள் தெருக்காரர் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். மற்றச் சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்கள் ஆட்கள் வள்ளத்தின் வலப்பக்கம் குந்தி, இடக்கையால் எஞ்சின் கைபிடியைப் பிடிப்பார்கள். வள்ளம் எந்தத் திசைக்குத் திரும்பினாலும் ஆள் வலப்பக்கம்தான். ஆனால் திரையில் தெற்கே இறங்கும்வரை வலப்பக்கம் இருந்தவன், மேற்கே திரும்பியதும் இடப்பக்கம் போயிருந்தான். வடமேற்கிலும் தென்மேற்கிலும் அப்படியே.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கொப்பியில் இல்லாத மூன்று திசைகளுக்கும், இருந்த படங்களைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார்கள். வள்ளம்தானே, இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நாலு சதுரம் ஒரு மனிதன் என்பதையே மறந்துவிட்டார்கள். வலிகாமத்துத் தோட்டக் காணிகளில் பிறந்தவர்கள், ஒரு நாளாவது வள்ளத்தில் ஏறியிருந்தால் இந்தப் பிழை விடமாட்டார்கள்.

நான் எழும்பி நின்றேன்.

"சேர், அந்த மூண்டும் என்ரை இல்லை. மிச்ச அஞ்சும் என்ரை."

மாஸ்ரர் சிரித்துச் சமாளித்தார்.

"எங்கடை மாணவி ஐயா. கொஞ்சம் உதவி செய்தவ."

"உதவி இல்லை சேர். சூத்திரம் எண்டா, வடகிழக்கு அணியத்துக்குள்ளை ஒரு சதுரம் ஏன் வெறுமையாக் கிடக்கு? கருணாகரனை ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ."

பொறியியலாளர் கருணாகரனைப் பார்த்தார். அவன் பொத்தானில் இருந்து கையை எடுத்தான்.

"எனக்குத் தெரியாது ஐயா. அவதான் கீறினவ."

அவனை நான் இந்த ஒரு வசனத்துக்காக மன்னித்துவிட்டேன். மாமனை மன்னிக்கவில்லை. பொறியியலாளர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் மாஸ்ரர், "அடுத்ததாக, பெருக்கல் வாய்பாடு" என்று அறிவித்து, கசெற்றை மாற்றிவிட்டார். சனமும் பெருக்கல் வாய்பாட்டுக்குக் கை தட்டியது.

ஒரு மணித்தியாலம்

எல்லோரும் கலைந்த பிறகு மாஸ்ரர் என்னை மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வகுப்பறைக்குக் கூப்பிட்டார். அப்பாவும் வந்து வாசலில் நின்றார். மேசையில் என் கொப்பி கிடந்தது. அலுமாரித் திறப்பு கிடைத்துவிட்டது போலும்.

"நடந்தது நடந்து போச்சு பிள்ளை. நாளைக்கும் சனம் வரும். உந்த மூண்டு படத்தையும் கீறித் தாரும்."

"என்ரை பெயர் சேர்?"

"போடுவம். கடைசித் திரையிலை, உதவி எண்டு."

"அந்த இடம்?"

"அது கருணாவுக்கு எண்டு சபையிலை சொல்லியாச்சு. நீர் நாளைக்குக் கலியாணம் கட்டிப் போயிடுவீர். பெட்டையளை நம்பி வகுப்பை விடேலாது." பிறகு குரலைத் தணித்தார். "ஆனா ஒண்டு செய்யிறன். நீர் தொடர்ந்து வாரும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் மெசினிலை இருக்கலாம். உமக்கு மட்டும்."

ஒரு மணித்தியாலம். இருபது நிமிடத்தின் மூன்று மடங்கு. அவர் என்னைச் சரியாக அளந்து வைத்திருந்தார். எனக்கு எது வேண்டும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும்.

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"என்னைப் பார்க்காதை பிள்ளை. உன்ரை வேலை, நீ சொல்லு" என்றார் அவர்.

"முதல் திரையிலை போடுங்கோ சேர். வள்ளம் கீறினது யசிந்தா எண்டு. இண்டைக்கு இரவே மூண்டையும் கீறித் தாறன்."

"முதல் திரையிலை ஏலாது. நிலையத்தின்ரை மரியாதை ஒண்டு இருக்கு."

எனக்கு மரியாதை இல்லை. எட்டுத் திசைக்கும் வள்ளத்தை ஓட்டைவிழாமல் திருப்பியவளுக்கு மரியாதை இல்லை, அதைக் களவெடுத்துக் கண்ணாடியில் காட்டியவர்களுக்கு இருக்கிறது. கொப்பியை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. அதில் இருந்த ஐந்தும்தான் கசெற்றில் ஏறிவிட்டனவே.

"அப்ப வாறம் சேர்" என்றேன். அப்பா சைக்கிளை எடுத்தார்.

வீட்டில் அம்மா அடுப்படியில் நின்று என்னைத் திட்டித் தீர்த்தா. வகுப்பே வேண்டாம் என்று சொன்ன அதே அம்மா, "ஒரு மணித்தியாலம் தாறன் எண்டவரை உதறிப்போட்டு வந்திருக்கிறாளே!" என்று அங்கலாய்த்தா.

இரண்டாம் நாள் நான் போகவில்லை. போய் வந்த எங்கள் தெருக்காரர் சொன்னார்கள். மேற்கே திருப்புகிற பொத்தானுக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டி, பழுது என்று எழுதி வைத்திருந்தார்களாம். வள்ளம் கிழக்கே மட்டும் போய், திரையின் விளிம்பில் முட்டி நின்றதாம்.

அதற்குப் பிறகு நான் ஒரு கணினியைத் தொடப் பதினைந்து வருடத்துக்கு மேல் எடுத்தது. சில வருடங்களில் மின்சாரமே எங்களை விட்டுப் போய்விட்டது. அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்து நான் அழுதிருக்கிறேன். வாங்கியிருக்கலாமோ என்று நினைத்த நாட்களும் உண்டு, அதையும் மறைக்கமாட்டேன். வாங்கியிருந்தால் நான் யாராகியிருப்பேனோ எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த மூன்று திசைகளையும் நான் கொடுக்கவில்லை. இன்றைக்கு வந்து கேட்டாலும், முதல் திரையில் என் பெயரைப் போடாமல் கொடுக்கமாட்டேன்.